ஒரு வினைச்சொல், இரண்டு கல்லறைகள்

அந்த அம்மாள் கல்லின் மேல் கன்னத்தை வைத்துவிட்டார்.

பதினொரு மணி வெயில். செருப்பில்லாமல் நின்ற எனக்கு மண்ணே உள்ளங்காலைச் சுட்டது. கல் எப்படிக் கொதித்திருக்கும்! அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பொன்னேரியில் வாங்கி வந்த கனகாம்பரச் சரத்தை எழுத்துகளின் மேல் நீளவாக்கில் வைத்தார். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, கல்லின் ஓரங்களில் படிந்திருந்த அழுக்கைத் துடைத்தார். பிறகு, தூங்குகிற குழந்தையிடம் பேசுவதுபோல, அவருடைய பாஷையில் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே அழுதார்.

நான் இரண்டடி தள்ளி, துக்க வீட்டுக்கு வந்தவனைப்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சுற்றிலும் டச்சுக்காரர்களின் கல்லறைகள். சில மண்டபம் மாதிரி, சில கூர்கோபுரம் மாதிரி, மற்றவை தரையோடு தரையாகப் பதித்த பெரிய பெரிய பலகைக் கற்கள்.

அவர் அழுதுகொண்டிருந்த கல்லின் கீழே இருந்தது யார் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லித்தான் அங்கே அழைத்து வந்திருந்தேன்.

கோட்டை விட்டவனின் இங்கிலீஷ்

எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்ட கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். "அப்புறம் எப்படி ஐயா வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினீர்?" என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சுலபம். வெட்கப்படாமல் பேசினேன்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் நைனாவுக்கு ஒரு படகு இருந்தது. விடியற்காலையில் வலை இழுத்து வந்தபின் பகலெல்லாம் அது ஏரிக்கரையில் சும்மா கிடக்கும். அந்தக் காலத்தில்தான் மெட்ராஸிலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் ஒருவர் இருவராகப் பழவேற்காட்டுக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். பாதிப் பேர் ஏரியில் பூநாரை பார்க்க வந்தவர்கள். மீதிப் பேர் கல்லறை பார்க்க வந்தவர்கள்.

டச்சுக்காரர்கள் இருநூறு வருஷம் எங்கள் ஊரில் இருந்துவிட்டுப் போனவர்கள். துணி வாங்கினார்கள், வெடிமருந்து செய்தார்கள், கோட்டை கட்டினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது முள்மரம்தான் இருக்கிறது. செத்தவர்களுக்குக் கட்டியது மட்டும் அப்படியே நிற்கிறது. ஆகவே, பூநாரை இல்லாத மாதங்களிலும் கல்லறை எங்களைக் கைவிடாது.

'எங்களை' என்று பன்மையில் சொல்லக் காரணம் யூசுப்.

யூசுப்புக்கும் என் வயதுதான், இருபத்தைந்தோ இருபத்தாறோ. பழவேற்காட்டு டவுனில், ஒரு காலத்தில் கப்பலில் சரக்கு அனுப்பிய குடும்பம். கப்பல் போய்விட்டது, மிடுக்கு போகவில்லை. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத லுங்கி, காதோரம் அத்தர். நான் பக்கத்தில் போனால் மூக்கைச் சுளிப்பான். எனக்கும் அது தெரியும் என்பதால் வேண்டுமென்றே பக்கத்தில் போவேன்.

பொன்னேரி பஸ் திரும்பும் புழுதி தெரிந்ததும் நாங்கள் இருவரும் ஓடுவோம். இறங்குகிற வெளிநாட்டுக்காரரின் பையை யார் முதலில் தொடுகிறானோ அவனுக்கு அந்த ஆள். அதன் பிறகு மற்றவன் கிட்டே போகக்கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் இருவரும் அதை மீறியதில்லை.

மீறாததால் போட்டி வேறு வழியில் போயிற்று. கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கும். அவை ஒரு பெண்ணுக்காகச் சண்டையிட்டு மாண்ட அண்ணன் தம்பிகள் என்று நான் ஒரு கதை கட்டினேன். கேட்டவர்கள் 'ஆ' என்றார்கள். இரண்டு நாளில் யூசுப் தன் ஆட்களுக்கு அதே கதையைச் சொன்னான். அவன் கதையில் மூன்று சகோதரர்கள்.

"இங்கே இரண்டு எலும்புக்கூடுதானே இருக்கிறது? மூன்றாமவர் எங்கே?" என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் கேட்டது என் காதில் விழுந்தது. யூசுப் கண் சிமிட்டாமல் பதில் சொன்னான்.

"ஹீ வென்ட் டு மெட்ராஸ், மேடம்."

அவுட்டும் டூவும்

இனி இந்த அத்தியாயத்தின் நாயகனான அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

மூன்றாவது முறையாக எங்கள் ஊருக்கு வந்த தாடிக்காரர் ஒருவர் இருந்தார். எங்கள் இருவரையும் நன்றாகத் தெரிந்தவர். ஒரு நாள் டீக்கடை வாசலில் நான் கோட்டைக்கடியில் சுரங்கம் இருப்பதாகச் சொல்ல, யூசுப் அந்தச் சுரங்கத்தில் குதிரை போகும் என்றான். நான் யானை போகும் என்றேன். தாடிக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆல்வேஸ் ட்ரையிங் டு அவுட்டூ ஈச் அதர்!" என்றார்.

நாங்களும் சிரித்தோம். "யெஸ் சார், யெஸ் சார்" என்றோம். அவர் பஸ் ஏறிப் போனார்.

"இன்னா சொன்னாரு அவுரு?" என்றேன்.

"உனக்குத் தெர்லியா?" என்றான் யூசுப்.

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமானு கேட்டேன்."

"எனக்கு மட்டும் தெரியாதா இன்னா?"

அதோடு இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

இரண்டு நாள் எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. 'அவுட்' தெரியும், கிரிக்கெட்டில் கையைத் தூக்குவது. 'டூ'வும் தெரியும், சின்ன வயதில் சண்டை போட்டால் சுண்டுவிரலைக் காட்டி டூ விடுவோம். இரண்டும் ஒட்டினால்? இங்கிலீஷ் 'டூ' என்றால் 'செய்' என்பதும் ஞாபகம் வந்தது. அப்படியானால் 'அவுட் செய்'. எங்கள் இருவரையும் கல்லறைப் பக்கம் வரவிடாமல் வெளியேற்றச் சொல்லி தாடிக்காரர் எங்கேயோ எழுதிப் போடப்போகிறார் என்று முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பொன்னேரிக்குப் போனேன். மார்க்கெட் பக்கம் மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. இங்கிலீஷ் சத்தம் கேட்கிற ஒரே இடமாக எனக்குத் தெரிந்தது அதுதான். உள்ளே பத்துப் பன்னிரண்டு மிஷின்கள் படபடத்துக்கொண்டிருந்தன. மேஜையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"டைப்பிங்கா, ஷார்ட்ஹேண்டா?"

"ஒரு அர்த்தம் வேணுங்க."

அவள் பெயர் கமலா என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்ன வார்த்தை என்று கேட்டாள். சொன்னேன். சிரிக்காமல் தடிமனான அகராதி ஒன்றை எடுத்துப் புரட்டினாள்.

"விஞ்சறது. மிஞ்சறது. கூடப் போட்டி போடறவனைத் தாண்டிப் போறது" என்றாள்.

"வெளியில அனுப்பறது இல்லியா?"

"இல்லியே. யாரு உங்கள வெளியில அனுப்பறாங்க?"

நெஞ்சில் இருந்த கல் இறங்கிற்று. நன்றி சொல்லிக் கிளம்பியிருக்கலாம். ஆனால் கமலா ஒரு வேலையை எடுத்தால் பாதியில் விடுகிற ஆள் இல்லை. (இன்றைக்கும் இல்லை. இதை எழுதுகிற மேஜைக்கு எதிரே உட்கார்ந்து என் ஒற்றுப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். அந்தக் கதைக்கு ஒரு வாரம் போதாது.)

"டூ, டிட், டன் மாதிரி இது அவுட்டூ, அவுட்டிட், அவுட்டன்" என்றாள். "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. இது தனியா நிக்காத வெர்ப். 'அவன் விஞ்சினான்'னு பாதியில விட முடியாது. யாரை விஞ்சினான்? அந்த ஆளையும் சொல்லணும்."

"அப்படி ஒரு ஆளே இல்லன்னா?"

"அப்ப வாக்கியமே இல்ல."

கால் தாளில் மூன்று வாக்கியங்களை டைப் அடித்துக் கொடுத்தாள். முதலாவது, ஒருவன் தன் போட்டியாளனை விஞ்சியதைப் பற்றியது. இரண்டாவது, இருவர் ஒருவரை ஒருவர் விஞ்சப் பார்ப்பது, அதாவது தாடிக்காரர் சொன்னது. மூன்றாவதைப் படித்ததும் எனக்குக் குழப்பம் வந்தது. ஒருவன் தன்னையே விஞ்சிவிட்டானாம்.

"அது எப்படிங்க? நானே என்னைத் தாண்ட முடியுமா?"

"நேத்திக்கு செஞ்சதைவிட இன்னிக்கு நல்லா செஞ்சா அப்படி சொல்லுவாங்க. பாராட்டு அது."

எனக்கு அது வேண்டாததாகப் பட்டது. என்னை நான் தாண்டி என்ன ஆகப்போகிறது? யூசுப்பைத் தாண்டினால் போதும். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யூசுப்பிடம் மூச்சு விடவில்லை. ஒரு வார்த்தை அளவுக்காவது அவனைவிட நான் முன்னால் இருந்தேன்.

சேற்றில் போன கண்ணாடி

ஒரு மாதம் கழித்துத்தான் எல்ஸ் அம்மாள் வந்தார். அறுபது வயதிருக்கும். தனியாக, தோளில் ஒரு துணிப்பை, கையில் கனகாம்பரம். பஸ் படியிலிருந்து அவர் கால் தரையில் படுவதற்குள் நான் பையைத் தொட்டுவிட்டேன். யூசுப் அரை அடி பின்னால் நின்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கல்லறைத் தோட்டம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் யூசுப்பின் கண்ணெதிரே அவரைப் படகில் ஏற்றிப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. "மேடம், ஃபர்ஸ்ட் போட், பிங்க் பேர்ட், தென் கிரேவ்" என்றேன். அவர் சரி என்றார்.

ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்றன. அவர் அவற்றைப் பார்த்ததைவிடத் தன் மடியிலிருந்த ஒரு காகிதத்தைத்தான் அதிகம் பார்த்தார். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதைப்போலக் கடன் வாங்கிய இங்கிலீஷ் என்பதால் அவர் சொன்னதெல்லாம் எனக்குப் புரிந்தது.

அவருடைய அம்மா வழிக் குடும்பத்தில் மார்கரேத்தா என்று ஒரு பெண். பத்தொன்பது வயது. கல்யாணம் முடித்துக் கப்பலேறிப் பழவேற்காட்டுக்கு வந்தவள், வந்த ஒரு வருஷத்துக்குள் இறந்துபோனாள். அவள் எழுதிய ஒரே கடிதத்தைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்திலிருந்து யாரும் ஒரு தடவைகூட அவளை வந்து பார்த்ததில்லை. தன் அம்மா கடைசிவரை அதையே சொல்லிக்கொண்டிருந்ததாக எல்ஸ் அம்மாள் சொன்னார்.

"ஐ கேம் ஃபார் மை மதர்" என்றார்.

கல்லறைப் பக்கத்துக் கரையை நெருங்கினோம். அப்போது யூசுப் மேட்டில் நடந்து போவது தெரிந்தது. என்னவோ நான் தோற்றுவிடுவேன்போல ஒரு பதற்றம். படகு சரியாகத் தரை தட்டுமுன் "கம் மேடம், கம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். படகு ஆடிற்று. அவர் என் தோளைப் பிடித்துத் தப்பித்தார். ஆனால் மூக்குக் கண்ணாடி எகிறிப் போய்த் தண்ணீரில் விழுந்தது.

முழங்கால் தண்ணீர்தான். ஆனால் கீழே கரும்பசை மாதிரி சேறு. கொஞ்ச நேரம் தடவினேன், கிடைக்கவில்லை. பகல் பஸ்ஸைப் பிடித்தால்தான் ரயில் கிடைக்கும் என்று அவர் அவசரப்பட்டார். "விட்டுவிடு. நீ படித்துக் காட்டு. அவள் எங்கே என்று மட்டும் சொல்" என்றார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஆள் தெரிந்தது, மரம் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தோட்டத்தைப் பற்றி நாற்பது கதை சொல்லத் தெரிந்த நான், அதுவரை ஒரு கல்லின் பெயரைக்கூடப் படித்ததில்லை.

அவர் கொடுத்த காகிதத்தை வைத்துக்கொண்டு கல் கல்லாக நடந்தேன். உப்புக் காற்று தின்ற எழுத்துகள். எல்லாமே ஒன்றுபோல இருந்தன. யூசுப் வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். 'எனக்குத் தெரியவில்லை' என்று ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும், அந்த அம்மாள் அவனைக் கூப்பிட்டிருப்பார்.

ஒரு கல்லில் முதல் மூன்று எழுத்துகள் காகிதத்தில் இருந்த மூன்று எழுத்துகளாகவே இருந்தன. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

"மேடம், திஸ் ஒன்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் ஆரம்பத்தில் சொன்னது.

"சிரிக்கத்தான் வந்தேன்"

பஸ் ஏறுமுன் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "யூ ஆர் எ குட் மேன்" என்றார். யூசுப்பை விஞ்சியதற்காக எத்தனையோ தடவை மார்தட்டியிருக்கிறேன். அன்று தட்டத் தோன்றவில்லை. பஸ் போன புழுதி அடங்குகிறவரை அங்கேயே நின்றேன்.

நேரே ஏரிக்குப் போய்ச் சேற்றில் இறங்கினேன். கண்ணாடியையாவது தேடி எடுக்கலாம் என்று. எங்கள் பக்கத்துப் பெண்கள் இப்படித்தான் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி எறா பிடிப்பார்கள். நானும் உட்கார்ந்து ஒரு முழம் ஒரு முழமாகத் தடவிக்கொண்டு போனேன். சிப்பி கீறி விரலில் ரத்தம் வந்தது. கடைசியில் கால் கட்டைவிரலில் ஏதோ கம்பி இடறியது. கண்ணாடிதான். ஒரு பக்கம் விரிசல், ஒரு காது வளைந்திருந்தது.

நிமிர்ந்தால் கரையில் யூசுப். கையில் ஒரு நீளமான நோட்டு.

"இன்னா காசி, எறா தடவுறியா?"

"கண்ணாடி."

"கெடச்சுதா?"

தூக்கிக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

"அந்தம்மா ஒரு பொண்ணத்தானே தேடிகினு வந்துச்சு? பேரு இன்னா?"

"மார்கரேத்தா. பத்தொம்பது வயசுப் பொண்ணு."

அவன் நோட்டைப் பிரித்தான். பக்கம் பக்கமாகப் பெயர்கள், பக்கத்தில் தமிழில் குறிப்புகள். வருகிற டச்சுக்காரர் ஒவ்வொருவரையும் இரண்டு கல், மூன்று கல் என்று படிக்கச் சொல்லி, மூன்று வருஷமாக எழுதி வைத்திருக்கிறான். எனக்குத் தெரியவே தெரியாது.

"நீ காட்டின கல்லு மார்ட்டன்னு ஒரு ஆளோடது" என்றான். "ஆம்பள. துணி வியாபாரி. அறுபது வயசுல போய்ச் சேர்ந்திருக்கான்."

தண்ணீரில் நின்றபடி கண்ணாடியிலிருந்த சேற்றை வழித்தேன்.

"சிரிக்கத்தான் வந்தேன். இத வெச்சே ஒரு வருஷம் உன்ன ஓட்டலாம்னு நெனச்சேன். ஆனா அது அழுததப் பாத்ததுல இருந்து சிரிப்பு வர மாட்டேங்குது" என்றான்.

"அங்கேயே நின்னுகினு இருந்தியே பாய், அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"அடுத்தவன் ஆளுகிட்ட போவக்கூடாதுன்னு நம்ம ரூல் இருக்குதே." ஏரியைப் பார்த்தபடி சொன்னான். "அது பொய்யி. ரூல் இல்ல. நீ நல்லா மாட்டிக்கணும்னு நின்னேன். அப்பால பஸ்ஸும் போயிடுச்சு."

மார்கரேத்தா நோட்டில் இருக்கிறாளா என்று கேட்டேன். இருந்தாள். கிழக்குச் சுவர் ஓரம், வேப்பமரத்தடியில். மீதி வரிகள் தேய்ந்து போயிருந்ததால் பெயரை மட்டும்தான் எழுதியிருந்தான்.

எறா வண்டி

ரயில் ஏறுமுன் அந்த அம்மாளைப் பிடித்தாக வேண்டும். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஐஸ் போட்ட எறாவைப் பொன்னேரிக்கு ஏற்றிப் போகும் டெம்போ ஒன்று புறப்படத் தயாராக நின்றது. பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்தோம். மடிப்புக் கலையாத லுங்கிக்காரன் எறாத் தண்ணீரில் உட்கார்ந்து வந்ததை அன்று பழவேற்காடே பார்த்தது.

பாதி வழியில் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"அந்தத் தாடிக்காரரு சொன்ன வார்த்தைக்கு அர்த்தம். ஒரு மாசமா எங்கிட்ட இருக்குது. நீ தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு வெச்சிருந்தேன்."

அவன் வாங்கிப் படித்தான். முகத்தில் ஒரு மாதிரியான அசட்டுத்தனம்.

"எனக்கும் தெரியும்" என்றான். "அன்னிக்கே எங்க தெரு வாத்தியாருகிட்ட ஓடிப்போய்க் கேட்டுட்டேன். உனக்குத் தெரியக் கூடாதுன்னு நானும் சொல்லல."

டிரைவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் மறுபடி பயம் வந்தது. ரயில் போயிருந்தால்?

போகவில்லை. எல்ஸ் அம்மாள் பிளாட்பாரக் கோடியில், நிழல் விழுந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஓடி வருவதை அவர் பார்த்திருப்பார், யாரென்று தெரிந்திருக்காது. வாசனையில் தெரிந்திருக்கும்.

"மேடம், ஐ டெல் லை" என்றேன். மூச்சு வாங்கியது. "தட் கிரேவ், நாட் கேர்ள். மேன். பிசினஸ் மேன். சிக்ஸ்டி இயர்ஸ்."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்து பார்த்தார். அந்த இரண்டாவது பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

யூசுப் குறுக்கே வந்தான். "மேடம், நாட் ஒன்லி ஹிஸ் மிஸ்டேக். ஐ நோ. ஐ ஸ்டாண்ட் தேர். ஐ நாட் டெல்."

"நோ மேடம், மை மிஸ்டேக் பிக்."

"மை மிஸ்டேக் பிக்கர், மேடம்."

"அவன் சும்மா சொல்றான் மேடம்!" என்று நான் தமிழுக்கே மாறிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னை மட்டும் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "என் அம்மா அவளிடம் சொல்லச் சொன்ன வார்த்தைகளை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல வைத்துவிட்டாய்."

கண்ணாடியை நீட்டினேன். விரிசலில் இன்னும் சேறு ஒட்டியிருந்தது. அவர் அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதலில் என் விரலிலிருந்த கீறல்களைப் பார்த்தார். பிறகு யூசுப்பிடம் நோட்டைக் கேட்டு வாங்கினார்.

ரயில் வந்தது. அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. கார்டு விசில் ஊதினார். ரயில் போனது. அவர் நிமிரவேயில்லை.

பிளேன் மறுநாள் சாயங்காலம்தான் என்று பிறகு சொன்னார்.

சாய்ந்த வெயில்

நாங்கள் மறுபடி தோட்டத்துக்குள் நுழைந்தபோது மணி நாலரை இருக்கும். கிழக்குச் சுவர் ஓரக் கல்லைப் பகலில் பார்த்திருந்தால் அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவ்வளவு தேய்ந்திருந்தது. ஆனால் மேற்கே இறங்கிய வெயில் கல்லின் மேல் சாய்வாக விழ, ஒவ்வோர் எழுத்தின் பக்கத்திலும் ஒரு மெல்லிய நிழல் எழுந்தது. ஊமையாகக் கிடந்த கல் பேச ஆரம்பித்த மாதிரி இருந்தது.

விரிசல் விட்ட கண்ணாடியோடு அவர் குனிந்து, விரலால் தடவித் தடவிப் படித்தார். பெயரைச் சொன்னார். வயதைச் சொன்னார். அடுத்த வரியில் விரல் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"வாட், மேடம்?" என்றான் யூசுப்.

"ஒரு ஆண் குழந்தை" என்றார். "ஒரு நாள் வயது. அவளுடனேயே இருக்கிறான்."

அவர்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாதாம். கடிதத்தில் இல்லை. அவருடைய அம்மாவுக்கும் தெரியாது. இத்தனை தலைமுறையாக, அந்தப் பெண் தூர தேசத்தில் தன்னந்தனியாகக் கிடக்கிறாளே என்றுதான் அந்தக் குடும்பமே வருத்தப்பட்டிருக்கிறது.

"அவள் தனியாக இல்லை" என்று எல்ஸ் அம்மாள் இரண்டு முறை சொன்னார். காலையில் அழுததைப்போல அழவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது, முகம் தெளிவாக இருந்தது.

அதற்குள் யூசுப்பைக் காணோம். தெருக்கோடியிலிருக்கும் தன் வீட்டுக்கு ஓடியிருக்கிறான். தங்கை தலைக்கு வைத்துக்கொள்ளக் கட்டி வைத்திருந்த மல்லிகையை அப்படியே வாழை இலையோடு தூக்கிக்கொண்டு வந்தான். அவர் அதை இரண்டாகப் பிரித்து, பெரிய துண்டை அவளுக்கும் சின்னத் துண்டை அவனுக்குமாக வைத்தார்.

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. மூன்று பேரும் வாசலை நோக்கி நடந்தோம். பாதியில் அவர் சட்டென்று திரும்பித் துணி வியாபாரி மார்ட்டனின் கல்லுக்குப் போனார். காலையில் வைத்த கனகாம்பரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு உடம்பு கூசியது.

அவர் எடுக்கவில்லை. காற்றில் ஓரமாக ஒதுங்கியிருந்த சரத்தை நேராக்கி வைத்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தன் பாஷையில் அந்தக் கல்லிடம் இரண்டு வாக்கியம் பேசினார். ரொம்ப மரியாதையான குரல்.

"வாட் யூ ஸே டு ஹிம், மேடம்?" என்று யூசுப் கேட்டான்.

"நன்றி சொன்னேன்" என்றார். "என் கணவர்கூட நான் அழுதால் இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் கேட்டதில்லை."

அவர் முகத்தைப் பார்த்தோம். உதடு துடித்துக்கொண்டிருந்தது. முதலில் வெடித்தது யூசுப்தான், அப்புறம் அவர், அப்புறம் நான். கல்லறைத் தோட்டத்துக்குள் மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டு, வாட்ச்மேன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தார்.